கவர்மென்ட் பர்ச்சேஸ் கார்டு கைக்கு வந்துடுச்சா? தேய்க்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

வெட்டரன்ஸ் ஆஸ்பத்திரி, ஃபெடரல் ரிசர்ச் லேப், விவசாயத்துறை ஆபீஸ்னு அமெரிக்க ஃபெடரல் வேலைல இருக்கற நம்ம ஆளுங்களுக்காக இதை எழுதறேன். பர்ச்சேஸ் கார்டுங்கறது ஆபீசுக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமானை வாங்க ஊழியர் கைல குடுக்கற, பில் அரசுக்கே போற கிரெடிட் கார்டு. சேர்ந்து கொஞ்ச நாள்லயே மேனேஜர் வந்து "நீங்களே கார்டு ஹோல்டரா இருந்துடுங்களேன், சின்ன வேலைதான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு, நம்மளும் மறுக்க முடியாம தலையாட்டிருவோம், அப்புறம்தான் தெரியும் அது சின்ன வேலை இல்லன்னு. ஆனா பயப்படற வேலையும் இல்ல. ஒரே ஒரு விஷயம் மண்டைல ஏறிட்டா மீதி எல்லாம் தானா வரும்: கார்டுங்கறது பணம் கட்டற வழி மட்டும்தான், வாங்கறதுக்கான அனுமதி கார்டுல இல்ல. அனுமதி, பட்ஜெட், காரணம் மூணும் கார்டு வெளில வர்றதுக்கு முன்னாடியே பேப்பர்ல இருக்கணும். பின்னாடி மாட்டிக்கிற நிறைய பேர் திருடினதால மாட்டறதில்ல, முதல்ல தேய்ச்சுட்டு அப்புறமா பேப்பர் ரெடி பண்ணினதாலதான் மாட்டறாங்க.

இது எப்படி வந்துச்சுன்னு ரெண்டு வரி சொல்லிட்டு போறேன், ஏன்னா ரூல் எல்லாம் அதுல இருந்துதான் வருது. முன்னாடி ஒரு பெட்டி பேனா வாங்கறதுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, அது கான்ட்ராக்டிங் ஆபீசுக்கு போய், இன்வாய்ஸ் வந்து, செக் போகணும். பேனா விலையை விட பேப்பர் வேலைக்கான சம்பளம் ஜாஸ்தி. அதான் 1980கள்ல கார்டை சோதனை பண்ணி பாத்து, 1989ல எல்லா ஏஜென்சிக்கும் திறந்துவிட்டாங்க, 1994ல வந்த ஃபெடரல் அக்விசிஷன் ஸ்ட்ரீம்லைனிங் சட்டம் 2,500 டாலர் வரைக்கும் போட்டி விலை கேக்காமலே வாங்கலாம்னு 'மைக்ரோ பர்ச்சேஸ்'னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு, 1998ல எல்லா ஏஜென்சிக்கும் பொதுவா கொள்முதல் பாத்துக்கற ஜெனரல் சர்வீசஸ் அட்மினிஸ்ட்ரேஷன் 'ஸ்மார்ட்பே'ன்னு பேர் வச்சு பேங்குகளோட ஒரே ஒப்பந்தமா போட்டாங்க. இப்ப ஓடறது ஸ்மார்ட்பே 3, பேங்க் சிட்டிபேங்க் இல்லன்னா யுஎஸ் பேங்க், எதுன்னு உங்க ஏஜென்சி முடிவு பண்ணியிருக்கும். 2024 நிதியாண்டுல மட்டும் இந்த கார்டுகள்ல சுமார் 4,000 கோடி டாலர், 9 கோடி ட்ரான்சாக்ஷன் ஓடியிருக்கு. இவ்ளோ பணம் ஓடற இடத்துல எவ்ளோ கண்ணு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

முதல்ல கார்டு வாங்கற படி. உங்க ஆபீஸ்ல புரோகிராம் கோஆர்டினேட்டர்னு ஒருத்தர் இருப்பாரு, கார்டு குடுக்கறது, லிமிட் ஏத்தறது இறக்கறது, பூட்டறது எல்லாம் அவர் கைலதான். அவரை முதல் நாளே போய் பாத்து பழகிக்கோங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்டு டிக்ளைன் ஆகறப்ப அந்தப் பழக்கம்தான் காப்பாத்தும். அப்புறம் அப்ரூவிங் அஃபிஷியல், அதாவது மாசாமாசம் உங்க செலவைப் பாத்து கையெழுத்து போடறவர். ஸ்மார்ட்பே சைட்லயே இலவச ட்ரெய்னிங் இருக்கு, அதை முடிச்சு சர்டிஃபிகேட் குடுத்தாதான் கார்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுக்கணும், சில ஏஜென்சி அதைவிட சீக்கிரமாவும் கேக்கும். கார்டோட ஒரு டெலிகேஷன் லெட்டர் வரும், எவ்ளோ வரைக்கும் எது எதுக்கு நீங்க வாங்கலாம்னு அதுல இருக்கும். கார்டை விட இந்த லெட்டர்தான் முக்கியம், ஒரு காப்பி எடுத்து ஃபைல்ல போட்டு வச்சிருங்க.

லிமிட் விஷயத்துல நிறைய குழப்பம் இருக்கு. மைக்ரோ பர்ச்சேஸ் உச்சவரம்பு 2,500ல ஆரம்பிச்சு 3,000, 3,500, 2018ல 10,000னு ஏறி, 2025 அக்டோபர் 1ல இருந்து 15,000 டாலர். ஆனா இது சட்டத்துல இருக்கற கூரை, உங்க கார்டுல இருக்கற லிமிட் இல்ல. உங்க லெட்டர்ல ஒரு தடவைக்கு 3,000, மாசத்துக்கு 10,000னு போட்டிருந்தா உங்களுக்கு அதான் கணக்கு. இன்னொண்ணு, சர்வீசுக்கு பொதுவா 2,500 டாலர், கட்டட வேலைக்கு 2,000 டாலர்னு தனியா வரம்பு இருக்கு, தொழிலாளர் கூலிச் சட்டங்கள் இடைல வர்றதால. ட்ரெய்னிங்ல இது ஒரே ஒரு ஸ்லைடுல ஓடிடும், ஆனா கார்டு ஹோல்டர்ஸ் வழுக்கி விழற இடம் இதான்.

எப்படி வழுக்கும்னு ஒரு உதாரணத்தோட பாப்போம். உங்க லேபுக்கு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வேணும், விலை 13,800 டாலர், உங்க லிமிட் 15,000ன்னு வச்சுக்கோங்க. சரி, வாங்கலாம் போலதான் தெரியுது. ஆனா ஃப்ரீசருக்கு 220 வோல்ட் பாயின்ட் வேணும், ரூம்ல இல்ல, விக்கறவரே "நாங்களே எலெக்ட்ரீஷியன் அனுப்பி போட்டுத் தர்றோம், 2,600 ஆகும்"னு சொல்றாரு. மொத்தம் 16,400. இப்ப ஆபீஸ்ல ஒரு புத்திசாலி வந்து "ஃப்ரீசரை உன் கார்டுல போடு, வயரிங்கை என் கார்டுல போட்டுடறேன், முடிஞ்சுது"ம்பாரு. முடிஞ்சுதுதான், வேலை! ஒரே தேவையை லிமிட்டுக்குள்ள அடக்கறதுக்காக பிரிச்சா அதுக்கு பேரு ஸ்ப்ளிட் பர்ச்சேஸ், அது தடை, ரெண்டு கார்டு, ரெண்டு நாள், ரெண்டு கடைன்னு எப்படி பிரிச்சாலும் தடைதான். அதோட அரசு கட்டடத்துல புதுசா வயர் இழுக்கறது கட்டட வேலை கணக்குல வரும், அங்க வரம்பு 2,000, அப்ப 2,600 தனியாவே நிக்காது. சரியான வழி என்னன்னா, வாங்கறதுக்கு முன்னாடியே கட்டட பராமரிப்பு ஆபீசைக் கேளுங்க, அந்த பாயின்ட் போடற வேலையை அவங்க ஏற்கனவே வச்சிருக்கற கான்ட்ராக்ட்லயே செஞ்சு குடுக்கற வாய்ப்பு நிறைய இருக்கு, அப்ப உங்க கைல மிஞ்சறது ஃப்ரீசர் மட்டும்தான். அதுவும் ஆகலன்னா மொத்தத்தையும் கான்ட்ராக்டிங் ஆபீசுக்கு தள்ளிவிட்டுடுங்க. லேட் ஆகும், ப்ரொஃபசர் முகம் தூக்கி வச்சுப்பாரு, பரவால்ல.

சரி, ஃப்ரீசர் மட்டும்னு முடிவாச்சு. இப்ப வரிசையா என்ன பண்ணணும். கேக்கறவர்கிட்ட இருந்து ஒரு மெயில் வாங்குங்க, என்ன வேணும், எதுக்கு வேணும், எந்த புராஜெக்ட்னு. "லேபுக்கு தேவை"ன்னு ஒரு வரில எழுதினா திருப்பி அனுப்புங்க. பழைய ஃப்ரீசர் கம்ப்ரஸர் போச்சு, அதுல இருக்கற சாம்பிள் இந்த ஸ்டடிக்கு வேணும்னு எழுத சொல்லுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஆடிட்டர் வர்றப்ப அந்த ப்ரொஃபசர் வேற ஊருக்கு போயிருப்பாரு, அந்த மெயில்தான் உங்களுக்காக பேசும். அடுத்து ஃபண்ட் இருக்கான்னு பட்ஜெட் ஆபீஸ்ல எழுத்துல வாங்கிக்கோங்க. கார்டுல லிமிட் இருக்கறதும் பட்ஜெட்ல பணம் இருக்கறதும் வேற வேற, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒதுக்காத பணத்தை செலவு பண்ணினா ஆன்டிடெஃபிஷியன்சி சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல தண்டனை வரைக்கும் போகும், அந்தப் பக்கமே போக வேணாம்.

அப்புறம் எங்க வாங்கறதுன்னு பாக்கணும். நேரா ஆன்லைன்ல தேடி மலிவா கிடைக்கறதை வாங்கிடலாம்னு நினைக்காதீங்க. பேனா, நோட்டு, க்ளீனிங் சாமான் மாதிரி விஷயங்களுக்கு எபிலிட்டி ஒன்னுங்கற புரோகிராம் இருக்கு, கண்பார்வை இல்லாதவங்களும் கடுமையான மாற்றுத்திறன் உள்ளவங்களும் வேலை பாக்கற அமைப்புகள் செய்யற பொருள், அந்த லிஸ்ட்ல இருந்தா அங்கதான் வாங்கணும். ஃபெடரல் ஆபீஸ்ல எல்லா டேபிள்லயும் கிடக்குற அந்த ஸ்கில்கிராஃப்ட் கருப்பு பேனா அங்க இருந்து வர்றதுதான். ஃப்ரீசர் அந்த லிஸ்ட்ல இருக்காது, ஆனா ஏஜென்சி ஏற்கனவே போட்டு வச்சிருக்கற கான்ட்ராக்ட் ஏதாவது இருக்கலாம், பாத்துக்கோங்க. 2018ல வந்த பாதுகாப்புச் சட்டத்தோட 889ஆம் பிரிவு இன்னொண்ணு: ஹுவாவே, இசட்டிஇ, ஹிக்விஷன், டாஹுவா, ஹைடெரா இவங்களோட தொலைத்தொடர்பு, கேமரா சாதனங்களை வாங்கக் கூடாது, அதை உபயோகிக்கற கம்பெனிகிட்டயும் வாங்கக் கூடாது, 20 டாலர் சாமானா இருந்தாலும் இந்த ரூல் உண்டு. விக்கறவர் சாம் சைட்ல (அரசுக்கு விக்கற கம்பெனிகள் பதிவு பண்ற SAM.gov) பதிவு பண்ணியிருந்தா அவர் குடுத்த உறுதிமொழி அங்கயே இருக்கும், இல்லன்னா மெயில்ல ஒண்ணு வாங்கி ஃபைல்ல போடுங்க. லேபுக்கு சல்லிசா ஒரு சிசிடிவி கேமரா வாங்கலாம்னு கிளம்பறவங்க இங்கதான் முட்டுவாங்க.

வரி. பர்ச்சேஸ் கார்டுல வாங்கறதுக்கு மாநில சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, மத்திய அரசு மேல மாநிலம் வரி போட முடியாதுங்கறது 1819ல மெக்கல்லக் எதிர் மேரிலாண்ட் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் தீர்த்து வச்சது. ஆனா கேஷ் கவுன்டர்ல நிக்கற பையனுக்கு 1819 கேஸ் தெரியாது. அதனால தேய்க்கறதுக்கு முன்னாடியே "இது டாக்ஸ் எக்ஸெம்ட்"னு சொல்லிடுங்க, தேய்ச்ச அப்புறம் திருப்பி வாங்கறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

ஆர்டர் போடறப்ப ஒரு விஷயம் கவனிங்க, குறிப்பா சாஃப்ட்வேர், சப்ஸ்கிரிப்ஷன்ல. "ஐ அக்ரி"ன்னு ஒரு டப்பா வரும், நம்ம வீட்ல படிக்காம டிக் பண்றது மாதிரி பண்ணிடாதீங்க. உள்ள "எங்களுக்கு எந்த நஷ்டம் வந்தாலும் நீங்க ஈடு கட்டணும்"னு வரி இருக்கும், எல்லையே இல்லாத அந்த மாதிரி பொறுப்பை அரசு சார்பா ஏத்துக்கற அதிகாரம் உங்களுக்கு கிடையாது. அந்த மாதிரி எதையும் கான்ட்ராக்டிங் ஆபீஸ்ல காட்டிட்டு பண்ணுங்க. தானா ரெனியூ ஆகற சப்ஸ்கிரிப்ஷனை முதல் நாளே ஆஃப் பண்ணி வைங்க.

சாமான் வந்துடுச்சு, இறக்கறப்ப கையெழுத்து போடறது யாரு? நீங்க போடாதீங்க. வாங்கினவரே வந்து சேந்துச்சுன்னு கையெழுத்து போட்டா அதுக்கு மதிப்பு இல்ல, வேற ஒருத்தர் பெட்டியைப் பிரிச்சு பாத்து, பேக்கிங் ஸ்லிப்ல தேதி போட்டு கையெழுத்து போடணும். இதுல என்ன இருக்குன்னு தோணும். 2008ல அரசுச் செலவைத் தணிக்கை பண்ற கவர்மென்ட் அக்கவுன்டபிலிட்டி ஆபீஸ் ஒரு ரிப்போர்ட் விட்டாங்க, 2005-06ல நடந்த ட்ரான்சாக்ஷன்கள்ல சாம்பிள் எடுத்து பாத்ததுல கிட்டத்தட்ட 41 சதவீதத்துல அனுமதி சரியா இல்ல, இல்லன்னா வேற ஆள் சரிபார்த்த அத்தாட்சி இல்ல. அதே ரிப்போர்ட்ல வனத்துறை ஊழியர் ஒருத்தர் கார்டோட வர்ற கன்வீனியன்ஸ் செக்கை (கார்டு எடுக்காத இடத்துல குடுக்கற செக்) வச்சு கிட்டத்தட்ட ஆறு வருஷமா 6,42,000 டாலரை தன் காதலருக்கு எழுதிக் குடுத்ததும் இருக்கு. ஆறு வருஷம்! மேல கையெழுத்து போடறவர் ஒழுங்கா பில் கேட்டிருந்தா முதல் மாசமே மாட்டியிருக்கும். அதுக்கப்புறம்தான் 2012ல கார்டு துஷ்பிரயோக தடுப்புச் சட்டம் வந்து ஏஜென்சிக்குள்ள முறைகேட்டை விசாரிக்கற இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸ்களெல்லாம் கார்டு செலவைத் தொடர்ந்து நோண்ட ஆரம்பிச்சாங்க. ஃப்ரீசர் மாதிரி பெரிய சாமானுக்கு சொத்துக் கணக்குல ஏத்தி பார்கோடு ஸ்டிக்கரும் ஒட்டணும், பிராப்பர்ட்டி ஆளுக்கு நீங்களே தகவல் குடுங்க, அவரா வரமாட்டாரு.

மாசக் கடைசில ஸ்டேட்மென்ட் வரும். பேங்க் சைட்ல, யுஎஸ் பேங்க்னா ஆக்சஸ் ஆன்லைன், சிட்டின்னா சிட்டிமேனேஜர், ஒவ்வொரு வரியா உங்க பில்லோட ஒத்துப் பாத்து, சரியான பட்ஜெட் கோடு போட்டு, அப்ரூவிங் அஃபிஷியலுக்கு அனுப்பணும். வாராவாரம் பண்ணிட்டா அரை மணி நேரம், மாசக் கடைசில உக்காந்தா ஒரு நாள் போயிடும். தெரியாத சார்ஜ் இருந்தா முதல்ல கடைக்காரர்கிட்ட பேசுங்க, ஒத்துவரலன்னா பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க, 90 நாள் டைம் இருக்கு, அது தாண்டினா கதை கந்தல். பேப்பர் எல்லாம் ஆறு வருஷம் வச்சிருக்கணும், ஸ்கேன் பண்ணி ஷேர்டு டிரைவ்ல போடுங்க, உங்க லேப்டாப்ல மட்டும் வைக்காதீங்க. பில்லை சீக்கிரம் முடிச்சா ஏஜென்சிக்கு பேங்க் ரீஃபண்டும் தரும், எவ்ளோ சீக்கிரம் கட்டறாங்களோ அவ்ளோ ஜாஸ்தி, அதனாலதான் பட்ஜெட் ஆபீஸ்ல இருந்து ரிமைண்டர் மெயிலா வந்து குவியுது.

என்ன வாங்கலாம் என்ன கூடாதுங்கறது தனி புராணம். அடிப்படை இதான்: காங்கிரஸ் எதுக்கு பணம் குடுத்துச்சோ அதுக்கு மட்டும். ஆபீஸ் பார்ட்டி கேக் கூடாது, கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை கூடாது, குழாய்ல நல்ல தண்ணி வந்தா பாட்டில் தண்ணி கூடாது. எனக்கு ரொம்ப பிடிச்சது காபி தீர்ப்பு. 2004ல அக்கவுன்டபிலிட்டி ஆபீஸ் சொன்னது, ஆபீஸ் பொது இடத்துல எல்லாரும் உபயோகிக்க மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ், காபி மேக்கர் எல்லாம் அரசுப் பணத்துல வாங்கலாம்னு. ஆனா உள்ள போடற காபித் தூள் சொந்தச் செலவு! நம்ம ஆளுங்க ஃபில்டர் வச்சிருக்கறதால பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சுன்னு வச்சுக்கோங்க, தூள் எப்படியும் ஊர்ல இருந்துதான் வருது. சந்தேகம் வந்தா வாங்கறதுக்கு முன்னாடி ஏஜென்சி வக்கீலுக்கோ கோஆர்டினேட்டருக்கோ மெயில் போட்டு பதிலை பிரின்ட் எடுத்துக்கோங்க, ஃபோன்ல சொன்னது ஆடிட்ல நிக்காது.

2025 பிப்ரவரில நடந்ததையும் சொல்லணும். சில ஏஜென்சில திடீர்னு கார்டு லிமிட்டை ஒரு டாலர் ஆக்கிட்டாங்க, 26ஆம் தேதி ட்ரம்ப் கையெழுத்து போட்ட உத்தரவு ஊழியர்கள் கார்டு எல்லாத்தையும் 30 நாளைக்கு முடக்கச் சொல்லுச்சு, பேரிடர் நிவாரணம் மாதிரி சில விதிவிலக்கோட. அதே உத்தரவுலதான் ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் அதை ஓகே பண்றவர் ரெண்டு வரி காரணம் எழுதி சிஸ்டத்துல பதியணும்னும் வந்துச்சு. உபயோகிக்காத கார்டு நிறைய கிடந்துச்சு, அதை மூடினது சரிதான்னு நான் நினைக்கறேன், ஆனா லேப்ல எலிக்கு தீவனம் வாங்கற கார்டையும் சேத்து பூட்டறது வேற கதை. இதுல நமக்கான பாடம், ஆபீஸ்ல ஒரே ஒரு கார்டை நம்பி இருக்காதீங்க, அவசியமான சப்ளைக்கு கான்ட்ராக்டிங் ஆபீஸ் வழியா ஒரு மாற்று ஆர்டர் போட்டு வைங்க. காரணத்தை எழுதறப்ப வெளியாளுக்கு புரியற மாதிரி எழுதுங்க, "ரீஏஜென்ட்"னு மட்டும் எழுதாம எந்த டெஸ்ட்டுக்குன்னு.

ட்ராவல் கார்டு வேற ஜாதி, அதை இதோட போட்டு குழப்பிக்காதீங்க. பர்ச்சேஸ் கார்டு பில் அரசோடது, ட்ராவல் கார்டு பொதுவா உங்க பேர்ல இருக்கற கடன், பில்லை நீங்கதான் கட்டணும், ஆபீஸ் பணம் வரட்டும்னு காத்திருந்தா பேங்க் காத்திருக்காது, 60 நாள் தாண்டினா சஸ்பெண்ட் ஆயிடும். 1998 சட்டப்படி ஆபீஸ் பயணத்துக்கு இதைத்தான் உபயோகிக்கணும், சொந்த கார்டுல பாயின்ட் ஏத்தலாம்னு பாக்காதீங்க. ஊருக்கு திரும்பினதும் அஞ்சு வேலை நாளுக்குள்ள வவுச்சர் (பயணச் செலவுக் கணக்கு) போட்டுடுங்க, ஒழுங்கா போட்டா 30 நாளுக்குள்ள ஏஜென்சி குடுத்தாகணும், நேரா பேங்குக்கே போற மாதிரி வச்சுக்கிட்டா தலைவலி குறைவு. ஹோட்டல்ல டாக்ஸ் விலக்கு கேக்கறதுக்கு கார்டு நம்பரோட ஆறாவது எண்ணைப் பாருங்க, 0, 6, 7, 8, 9னா அரசுக்கு பில் போற கார்டு, 1, 2, 3, 4னா உங்களுக்கு பில் வர்ற கார்டு, ரெண்டாவது வகைக்கு மாநிலத்துக்கு மாநிலம் ரூல் மாறும், கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்மார்ட்பே சைட்ல அந்த மாநிலப் பக்கத்தை ஒரு தடவை பாத்துட்டு, ஃபார்ம் இருந்தா பிரின்ட் எடுத்துட்டு போங்க.

கார்டை யாருக்கும் குடுக்காதீங்க, பாஸ் கேட்டாலும். "நம்பரை மட்டும் சொல்லு, நான் போட்டுக்கறேன்"னாலும் கூடாது, உங்க பேர்ல நடக்கற எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். தொலைஞ்சா உடனே பேங்க், அப்புறம் கோஆர்டினேட்டர், அப்புறம் அப்ரூவிங் அஃபிஷியல். வேலை மாறறப்ப கார்டை வெட்டிப் போட்டா மட்டும் பத்தாது, உங்க கார்டுல ஓடற சப்ஸ்கிரிப்ஷன் எல்லாத்தையும் வேற கார்டுக்கு மாத்தி, வர வேண்டிய சாமான் லிஸ்ட்டை அடுத்தவருக்கு எழுதிக் குடுத்து, கடைசி ஸ்டேட்மென்ட்ல கையெழுத்து வாங்கிட்டு, கணக்கு மூடியாச்சுன்னு கோஆர்டினேட்டர்கிட்ட இருந்து ஒரு மெயிலும் வாங்கிக்கோங்க.